சிம் இல்லாத போன்கள்

11 ஆகஸ்ட் 2025
பில்ட் 71 சதவீதத்தில் செத்தது. மணி ஏழு. அத்தா கூப்பிட்டார்.

12 ஆகஸ்ட்
64. அத்தா.

13 ஆகஸ்ட்
அத்தாவுக்கு ஓவர்டைம், கூப்பிடவில்லை. பில்ட் 90 வரை போனது. பெரியம்மா கூப்பிட்டார், வீட்டில் இஞ்சி இருக்கிறதா என்று கேட்க. பெரியம்மா இருப்பது எதிர்வீட்டில்.

20 ஆகஸ்ட்
கரண்ட் இல்லை. விரிவாக எழுத நேரம் இருக்கிறது.

பட்டறை என்பது ஆப் எழுதுகிற ஆப். திண்டிவனத்தில் சீனுவாசன் என்பவரும் புனிதா என்பவரும் செய்கிறார்கள். மற்றவற்றுக்கு லேப்டாப் வேண்டும், இதற்குப் போன் போதும். எழுதி முடித்து 'பில்ட்' என்ற பொத்தானை அழுத்தினால் எழுதியதெல்லாம் சேர்ந்து ஒரு ஆப்பாக வரும். எங்கள் போனில் அதற்கு முப்பத்தெட்டு நிமிடம்.

நான் இதைப் பிடித்தபோது பதினொன்றாம் வகுப்பு. தினம் ஒருவர் எழுந்து நின்று பாடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். என் முறைக்கு முந்தின நாள் வரை பள்ளிக்கூடம் போனேன்.

முதல் பதிப்பில் கறுப்புத் திரையும் ஒரு பொத்தானும். தவறு இருந்தால் 'தவறு இருக்கிறது' என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. இரண்டாம் பதிப்பு வரி எண்ணைச் சொன்னது. அன்று இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன். மூன்றாவதில் பாதி எழுதும்போதே மீதி வந்து நின்றது. நான்காவதில் ஒரு பெட்டி. என்ன வேண்டும் என்று தமிழில் கேட்டால் அதுவே எழுதும். மூன்று வரி போதுமான இடத்தில் நாற்பது வரி எழுதியது. தவறு என்றேன். மிகச் சரியாகச் சொன்னீர்கள் என்று இன்னொரு நாற்பது எழுதியது. அதனோடு பேச எனக்குக் கூச்சமில்லை.

என் ஆப்பின் பெயர் 'டூட்டி'. எங்கள் தெருவில் முப்பத்தொரு வீட்டு ஆண்கள் குவைத், கத்தார், துபாய். இந்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட், அங்கே இப்போது மணி என்ன, எப்போது ஓய்வு என்று அது காட்டும். ஷிஃப்ட் பட்டியலை ஆப்புக்குள்ளேயே எழுதியிருக்கிறேன். அது தவறான முறை என்று பெட்டி சொன்னது. சரி என்றேன். என்னிடம் சர்வர் இல்லை. அதனால் ஷிஃப்ட் மாறினால் புதிதாக பில்ட் போட வேண்டும்.

போன் காலையில் அம்மாவோடு குயிலாப்பாளையம் போகும். அங்கே ஒரு தையல் யூனிட்டில் அம்மாவுக்கு வேலை. ஆறரைக்கு இருவரும் திரும்புவார்கள். ஏழுக்கு அத்தா குவைத்திலிருந்து கூப்பிடுவார், பிறகு பெரியம்மா, பிறகு மாமி. எட்டரைக்குமேல் அது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கும்.

டூட்டி சரியாக இருந்தால் எல்லோரும் சரியாக ஏழுக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் டூட்டியைக் கட்ட முடியாது.

3 செப்டம்பர்
52.

4 செப்டம்பர்
பட்டறைக்கு ஆறாவது புகார் அனுப்பினேன். ஐந்தாவதற்குப் பதில் வந்தது: "கமாலுதீன் சார், ஏழு மணிக்கு நிற்கிறது என்கிறீர்கள். இங்கே ஏழு மணிக்கு நிற்கவில்லை. புனிதா."

கமாலுதீன் என் அத்தா. குவைத்தில் குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். போன் அவர் அனுப்பியது, ஈமெயில் அவர் பெயரில். புகாரும் ஒரு வருடமாக அவர் பெயரில்தான் போகிறது. திருத்தலாம். திருத்தினால், அப்படியானால் நீங்கள் யார் என்று கேட்பார்கள்.

9 அக்டோபர்
பட்டறையிலிருந்து எல்லோருக்கும் அறிவிப்பு. ஜனவரியில் ஐந்தாம் பதிப்பு. அதில் போனில் பில்ட் கிடையாது, லேப்டாப்பில் மட்டும். மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் போனில் போடும் பில்ட்டுகளில் பத்துக்கு ஆறு பாதியில் நின்றுவிடுகின்றன, காரணம் தெரியவில்லை, நம்ப முடியாத ஒன்றை வைத்திருப்பதில் பயனில்லை.

காரணம் தெரியலியாம்.

எனக்குத் தெரியும். ஆறு புகார் எழுதினேன், ஒண்ணுலயும் எழுதல. கமாலுதீன் பேர்ல உக்காந்துக்கினு கமாலுதீன் கூப்பிடறாருன்னு எப்பிடி எழுதறது? கால் வருதுன்னு மட்டுமாவது எழுதியிருக்கலாம். எழுதினா காலை நிறுத்துன்னுவாங்க. ஃபிளைட் மோடுல போடுன்னுவாங்க. போட்டா அத்தா எதிர்வீட்டுக்குக் கூப்பிடுவாரு, பெரியம்மா ஓடியாருவாங்க, பொண்ணுக்கு இன்னா ஆச்சுன்னு.

லேப்டாப்புக்கு நான் எங்க போவேன்.

11 அக்டோபர்
பிப்ரவரியில் நோன்பு வருகிறது. முப்பத்தொரு பேருக்கும் டூட்டி நேரம் மாறும். அப்போது என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பெரியம்மா இன்று நான்கு பேரிடம், எங்க ஸாலிஹா பண்ணதுதான் என்று போனைக் காட்டினார். நான் உள்ளே போய்விட்டேன்.

2 நவம்பர்
சீனுவாசனிடமிருந்து: 21ஆம் தேதி வெள்ளி மாலை நான்கு மணிக்கு வீடியோ கூட்டம். நீண்ட நாளாகப் பயன்படுத்துகிற பன்னிரண்டு பேரை அழைத்திருக்கிறார். "போனில் பில்ட் வேண்டும் என்பவர்கள் வந்து காரணம் சொல்லலாம். கமாலுதீன் சார் கட்டாயம் பேச வேண்டும்."

5 நவம்பர்
அம்மாவிடம், ஒரு மீட்டிங்கில் அத்தா பேச வேண்டும் என்றேன்.

"அவரு பேசுவாரு, பேசறதுக்கு இன்னா," என்றார் அம்மா. "நீதான் வாயத் தொறக்க மாட்டே." போனை என் கையில் திணித்தார். அத்தா அதில் இருந்தார்.

அத்தாவிடம் நான் பேசுவது எப்போதும் மூன்று வாக்கியம். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். அம்மாகிட்ட குடுக்கறேன். இன்று நான்காவது சொல்ல வேண்டி வந்தது. அதன்பின் பெயர் விஷயத்தையும்.

"அப்போ ஒரு வருஷமா நான் இஞ்சினியரா?"

"ஆமா அத்தா."

"வேலை ஒழுங்கா செஞ்சனா?"

"ஆறு புகார் எழுதியிருக்கீங்க."

"சரி. பேச வேண்டியத எழுதி அனுப்பு, படிக்கிறேன்."

19 நவம்பர்
ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். பில்ட் ஏன் நிற்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை. அங்கே நாலரைக்கு டூட்டி முடிந்து, குளிர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூப்பிடுகிற ஆள். அவர் வாயாலேயே அதைப் படிக்க வைக்க முடியாது.

21 நவம்பர்
அம்மா போனை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். இதுதான் முதல் முறை.

அத்தா ஜும்ஆ தொழுகை முடித்து, சலவைச் சட்டையோடு அறையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் இரண்டடுக்குக் கட்டில், மேலேயிருந்து யாரோ ஒருவரின் கால் தொங்கியது. நான் நூர்நிஷா என்று அம்மா பெயரில் நுழைந்து, கேமராவையும் மைக்கையும் அணைத்து வைத்திருந்தேன்.

அத்தா நன்றாகவே படித்தார். 'வெறும் இரண்டு ஜிபி மெமரி' என்ற இடத்தைப் பெருமையாகப் படித்தார். முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

புனிதா கேட்டார்: "எல்லாம் சரிங்க சார். ஆனா சாயங்காலத்துல பில்ட் ஏன் சாவுதுன்னே எங்களுக்குத் தெரியல. உங்க போன்ல தெனம் ஏழு மணிக்குச் சாவுது. அது ஏன்னு சொல்லுங்க. வெக்கறதா எடுக்கறதான்னு அப்பால பேசலாம்."

அத்தா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அது இதுல இல்லீங்களே," என்றார். சற்று யோசித்தார். "நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவங்க. எழுதனதெல்லாம் எம் பொண்ணு ஸாலிஹா. நூர்நிஷான்னு பேர் போட்டுக்கினு இங்கதான் கேட்டுக்கினு இருக்குது. அதையே கேளுங்க."

எல்லோரும் காத்திருந்தார்கள். மைக் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு நானும் காத்திருந்தேன். யாரும் எனக்குப் பதிலாக வரவில்லை. அழுத்தினேன். எழுந்து நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"அத்தா கூப்பிடுவாங்க," என்றேன். "ஏழு மணிக்கு, வீடியோ கால். ரெண்டுக்கும் போன்ல எடம் பத்தாது. அதான்."

அத்தா கேமராவையே பார்த்தார்.

"தெனமுமா?" என்று கேட்டார்.

"ஓவர்டைம் இல்லாத அன்னிக்கு."

செஞ்சியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, எங்க வீட்டுக்காரரும் திருப்பூரிலிருந்து அந்த நேரம்தான் கூப்பிடுவார் என்றார். வேறு மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். புனிதா ஏதோ குறித்துக்கொண்டார். கடைசியில் சொன்னது: கால் வந்து நின்றாலும் அதே இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி டிசம்பர் 31க்குள் முடிந்தால், ஐந்தாம் பதிப்பில் வைக்கலாம். முடியாவிட்டால் இல்லை. சீனுவாசன் சார், யார் செய்வது என்று கேட்டார். புனிதா திரையைப் பார்த்தார். இன்னும் மைக் திறந்திருந்தது என்னுடையது மட்டும்தான்.

25 நவம்பர்
நான்கு நாளாக அத்தா கூப்பிடவில்லை. நான்கு நாளும் பில்ட் நூறு.

இது கொஞ்சமும் நன்றாக இல்லை.

அம்மா கேட்டார்: "ஒன் மெஷினு நல்லா ஓடுதா?"

"ம்."

"ஓடட்டும்."

தட்டைச் சத்தமாக வைத்தார்.

26 நவம்பர்
அம்மா மஃரிப் தொழுதுவிட்டு தஸ்பீஹ் மாலையின் மணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வாசலில் பால்காரர். அம்மா கட்டைவிரலால் ஒரு மணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு போய்ப் பால் வாங்கி, நேற்று தண்ணீராக இருந்ததென்று சண்டை போட்டு, திரும்பி வந்து, அதே மணியிலிருந்து தொடர்ந்தார்.

பில்ட்டுக்குக் கட்டைவிரல் இல்லை. அதுதான் விஷயம். மொத்தத்தையும் ஒரே மூச்சில் செய்கிறது. நூறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் எது வரை வந்தோம் என்று எழுதி வைத்தால் போதும்.

அத்தாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: "நாளையிலிருந்து கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டாத்தான் டெஸ்ட் பண்ண முடியும்."

உடனே பதில்: "எத்தன மணிக்கு."

6 டிசம்பர்
அம்மாவோடு திண்டிவனம் போனேன். ஆபீஸ் என்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. புனிதா அக்கா விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருகிறார். நேரில் பார்த்தால் என்னைவிடக் குள்ளம்.

சோதனைக்கு வைத்திருக்கும் போன்களைக் காட்டினார்கள். ஒரு மேசை டிராயர் முழுக்க இருபத்து மூன்று. எல்லா அளவும், எல்லாக் கம்பெனியும். ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். இன்னொன்று. ஒன்றிலும் சிம் இல்லை.

"அது எதுக்கும்மா, வைஃபைதான் இருக்குதே," என்றார் சீனுவாசன் சார்.

அம்மா சொன்னார்: "அப்போ இதுங்கள யாரும் கூப்பிட மாட்டாங்களா?"

சீனுவாசன் சார் டிராயரை முழுதாக வெளியே இழுத்தார்.

அம்மாவின் சிம்மைக் கழற்றி, இருப்பதிலேயே சிறிய போனில் போட்டு, பில்ட் தொடங்கினோம். மூன்று மணிக்கு அத்தா சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். 40இல் செத்தது. சீனுவாசன் சார் கையைத் தட்டினார். "செத்துச்சு புனிதா, செத்துச்சு."

"செத்துச்சுன்னு சந்தோஷப்பட்றாரு பாரு," என்றார் அம்மா என்னிடம்.

அத்தா வாயில் சோற்றோடு கேட்டார்: "மறுபடி கூப்பிடட்டுமா?"

திரும்பும் பஸ்ஸில் போனைத் திறந்தால், பில்ட் பகுதி முழுவதையும் புனிதா அக்கா எனக்கு அனுப்பியிருந்தார். நாலாயிரத்து இருநூறு வரி. கீழே ஒரு வரி: "இத நீயே பாரு ஸாலிஹா. எனக்கு ஐந்தாம் பதிப்பு வேலை இருக்குது."

14 டிசம்பர்
அத்தா ஏழு முறை கூப்பிட்டார். ஏழு முறையும் செத்தது. பெட்டியிடம் கேட்டேன். மிகச் சரியாகச் சொன்னீர்கள் என்றது.

19 டிசம்பர்
நூறு துண்டாக்கிவிட்டேன். எழுதி வைக்கிறது. ஆனால் கால் முடிந்து எழுந்ததும் எழுதியதைப் படிக்காமல் முதலிலிருந்து தொடங்குகிறது. பேஜாரு.

23 டிசம்பர்
58இல் கால். பேசி முடித்தோம். 59.

நம்பவில்லை. அத்தாவை மீண்டும் கூப்பிடச் சொன்னேன். 77. பேசினோம். 78. பெரியம்மாவையும் கூப்பிடச் சொன்னேன். என்ன விஷயம் என்றார். விஷயம் ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் எதற்குக் கூப்பிட வேண்டும் என்று நேரிலேயே வந்துவிட்டார்.

30 டிசம்பர்
அனுப்பிவிட்டேன்.

12 ஜனவரி 2026
ஐந்தாம் பதிப்பு வந்தது. முகப்பு முழுக்க லேப்டாப் படம். போனில் பில்ட் இருக்கிறது. செட்டிங்ஸில் கடைசிக்கு முந்தின வரி, 'பழைய முறை' என்ற தலைப்பின் கீழ். அணைத்து வைத்திருக்கிறார்கள். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

போட்டுக்கொண்டேன்.

2 பிப்ரவரி
போட்டுக்கொண்டவர்கள் இதுவரை மூவாயிரத்து எண்பது பேர் என்று புனிதா அக்கா எழுதியிருக்கிறார். தலைப்பை மாற்றப் போகிறார்களாம். டிராயரில் ஒன்பது போனுக்குச் சிம் போட்டாகிவிட்டது. விளம்பரக் கால்தான் அதிகம் வருகிறதாம், அதுவும் சோதனைக்கு நல்லதுதானாம். மார்ச்சிலிருந்து நான் வாரத்தில் மூன்று நாள் திண்டிவனம் வர முடியுமா என்று கேட்கிறார்கள். பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க வேண்டும். வர முடியும் என்று எழுதினேன்.

21 பிப்ரவரி
நோன்பு நேரத்துக்கான டூட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தா கூப்பிட்டார்.

அவர்கள் கிடங்குக்கு ஆளில்லாமல் ஓடும் வண்டி இரண்டு வந்திருக்கிறதாம். ஒன்று, மூலையில் திரும்பும்போது நின்றுவிடுகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தாவுக்குத் தெரியும். ஆனால் கம்பெனிக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

முதலில் நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு என்ன நடந்தது, உண்மையில் என்ன நடந்திருக்க வேண்டும், இந்த மூன்றையும் எழுதுங்கள் என்றேன். யார்மேல் தவறு என்று எழுதாதீர்கள். தெரிந்த காரணத்தை மட்டும் விடாதீர்கள். அத்தா ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். நான் திருத்தினேன். வண்டி எந்தப் பக்கம் திரும்பும்போது நிற்கிறது, கதவு திறந்திருந்ததா, தரையில் பனி இருந்ததா என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று கையை ஆட்டிக் காட்டினார்.

அம்மா போனுக்காகக் கையை நீட்டினார்.

"இரும்மா," என்றேன்.

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் நீட்டினார்.