சத்தம் வராத வீட்டிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

முதலில் என்னை மன்னித்துக்கொள். போன் இருக்கும்போது கடிதமா என்று நீ சிரிப்பாய், அதுவும் என்னிடமிருந்து. இத்தனை வருஷத்தில் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை, உன் அம்மா போன பிறகு உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவள், உனக்கும் எனக்கும் வயது வித்தியாசமே ஒரு அக்கா தங்கை அளவுதான். அப்பா உன்னைக் கூப்பிடுகிற பெயரிலேயே ஆரம்பித்துவிட்டேன், வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி சுகம் என்று வைத்துக்கொள், மீதியைப் படித்துத் தெரிந்துகொள்வாய். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் முழுசாகச் சுகமாக இருக்க வேண்டும்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதே, அப்பாவைத் தொண்டைப் பரிசோதனைக்கு உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள், வரிசை நீளமாக இருக்கிறது. போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அதில் நான் வேலை பார்க்கிற கம்பெனி போடச் சொன்ன ஆப் ஒன்று இருக்கிறது. அது என்ன பார்க்கிறது, என்ன கேட்கிறது என்று யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. கேட்டால் எல்லாருக்கும் போட்டதுதானே அக்கா என்று சிரிக்கிறார்கள். அதனால்தான் கடைக்குப் போய்க் கோடு போட்ட தாள் வாங்கினேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ நிறைமாதம், பாதியைச் சொல்லாமல் விட்டோம். இடது கையும் காலும் பழைய நிலைக்கு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், ஆனால் யாராவது வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது நான் வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீஸில் மேனேஜரிடம் போய் நின்றேன். பாதி நாள் இங்கே வருகிறேன், மீதி வேலையை வீட்டிலிருந்து முடித்துக் கொடுக்கிறேன், கணக்கு எங்கே உட்கார்ந்து போட்டாலும் கணக்குத்தானே என்றேன். அவர் நல்ல மனிதர்தான். உனக்கு ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் குக்கரை வெச்சுட்டு விசில் எண்ணிக்கிட்டே பைல் பாப்பாங்கம்மா என்று சொல்லிவிட்டு, நான் எழுந்து போகும்வரை கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே வேலையை விட்டேன்.

அப்புறம் தேடினேன் பார், அது ஒரு தனி வேலை. விளம்பரத்தில் வீட்டிலிருந்தே என்று போட்டிருப்பார்கள், பேசினால் முதல் வருஷம் ஆபீஸ்தான் என்பார்கள். நேரம் உங்கள் வசதிப்படி என்று போட்டிருப்பார்கள், அப்புறம்தான் தெரியும் அது அவர்கள் வசதிப்படி, விடிந்தாலும் கூப்பிடுவார்கள், பொழுது சாய்ந்தாலும் கூப்பிடுவார்கள். ஒரு இடத்தில் வீடியோவில் நேர்முகம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் அப்பா இருமினார். அது யாரு என்றார்கள். சொன்னேன். சரிங்க, சொல்லி அனுப்பறோம் என்றார்கள், இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். என் பிறந்த வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், அந்தச் சான்றிதழை எத்தனை கம்பெனிக்கு ஸ்கேன் செய்து அனுப்பினேனோ, ஓரம் மடங்கிவிட்டது. அப்பாதான் தேற்றுவார், விடும்மா, உன் அருமை தெரியாத பயலுங்க என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். உனக்குத்தான் தெரியுமே அந்தக் குரல். அச்சகத்தில் மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தால், உங்க வீட்டுல இன்னைக்கு என்ன சாப்பாடுன்னு எனக்குத் தெரியும், அவர் ரெண்டாவது தடவை குழம்பு கேட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் இந்த வேலை கிடைத்தது. பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது என்று புகார் எழுதுகிறவர்களுக்குப் பதில் தட்டச்சு செய்ய வேண்டும். முழுக்க முழுக்க வீட்டிலிருந்து. லேப்டாப் பெட்டியில் வந்த அன்று நானும் அப்பாவும் கல்யாண வீடு மாதிரி சந்தோஷப்பட்டோம். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, அப்ப வீட்டை ஆபீஸ்காரனுக்கு விட்டுட்டேன்னு சொல்லு, வாடகையாவது தருவானா என்றாள். அவளுக்கு எப்போதும் குத்தல் பேச்சுதான் என்று நினைத்தேன்.

வேலை கஷ்டமில்லை பாப்பா, பொய் சொல்ல மாட்டேன். வேலையைச் சுற்றி இருப்பதுதான் கஷ்டம். லேப்டாப்பில் கேமரா திறந்தே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் ஒரு மணி அடிக்கும், அடித்த உடனே முகத்தைத் திரையில் வரும் கட்டத்துக்குள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் என் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் குறி விழும். என் குரலைத் தவிர வேறு குரல் கேட்டால் அதற்கும் ஒரு சிவப்பு, வெளிக்குரல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிவப்பு சேர்ந்தால் வேலை போய்விடும். முதல் வாரமே அப்பா உள்ளிருந்து எம்மா தண்ணி என்று கூப்பிட்டதற்குச் சிவப்பு விழுந்தது. டீம் லீடர் ஒரு சின்னப் பெண், பேச்சு தேன் மாதிரி இருக்கும். அக்கா, பின்னாடி யாரோ பெரியவர் பேசறாங்க போல, கொஞ்சம் பாத்துக்கோங்க என்றாள். நான் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார் போல.

மறுநாளிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஸ்பூனால் சுவரில் தட்டினார். அதுவும் மெஷினுக்குக் கேட்கிறது என்று தெரிந்ததும் அதையும் விட்டார். காலிங் பெல்லில் இருந்த பேட்டரியைக் கழற்றிவிட்டார், மருந்துக் கடைப் பையன் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். செருப்பு இழுபடும் சத்தம் வரக் கூடாது என்று வெறுங்காலோடு நடக்கிறார், அந்த இடது காலோடு. டிவியில் செய்தியைச் சத்தமில்லாமல் பார்க்கிறார். நான் இடைவேளையில் வெளியே வந்தால் மந்திரி வாயசைத்த மாதிரியே வாயசைத்துக் காட்டி, வெறும் காற்றாக, இதுவே நல்லா இருக்குடி, சத்தம் இருந்தாலும் ஒண்ணும் புரியாது என்பார். நானும் சிரிப்பேன். நீ அனுப்பின வீடியோவில் சின்னவன் குப்புற விழுந்துவிட்டுப் பெருமையாகக் கத்துகிறானே, அதைக்கூடச் சத்தத்தைக் குறைத்துப் போனைக் காதோடு ஒட்டி வைத்துத்தான் கேட்டார். கதவைச் சாத்தி வையுங்கள் என்று அப்புறம் ஒரு விதி வந்தது. சாத்தினேன்.

போன மாதம் ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளைக்குக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அப்பா சமையலறைத் தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எடுக்கப் போய் வழுக்கியிருக்கிறார். புருவத்துக்கு மேலே கிழிந்து, துண்டை அவரே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், துண்டு நனைந்து கனத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் விரலை உதட்டில் வைத்தார். அப்புறம் பிரேக்கா என்று கேட்டார். எப்போது விழுந்தீர்கள் என்றால் இப்பத்தான் இப்பத்தான் என்கிறார். ஆனால் கொட்டின தண்ணீர் ஓரமெல்லாம் உலர்ந்து, நடுவில் கையகலம்தான் ஈரம் இருந்தது. ஒரு சுவர்தான் நடுவில் பாப்பா. கூப்பிட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். அவர் கூப்பிடவே இல்லை. ஏன் என்றதற்கு, உனக்கு மணி அடிச்சிடுமோன்னு பாத்தேன், இவ்வளவு தேடிக் கிடைச்ச வேலையாச்சே என்றார். தையல் போட்டிருக்கிறது, காயம் ஆறிவிட்டது, அதற்காக நான் இதை எழுதவில்லை.

வார விடுமுறையில் லேப்டாப்பை மூடிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன், கதவெல்லாம் திறந்திருக்கிறது, அப்போதும் அப்பா காற்றாகத்தான் பேசுகிறார். இன்னைக்கு லீவுதானே, சத்தமாப் பேசுங்களேன் என்றேன். பேச முயற்சி செய்தார். இருமல் வந்துவிட்டது. வேணாம் விடு, பழகிடுச்சு என்றார். டாக்டர் பக்கவாதம் குரலுக்கு இறங்கியிருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு இந்தப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார். அப்பா அவரிடம், குரல் எல்லாம் பத்திரமா இருக்கு டாக்டர், வீட்ல ஆபீஸ் நடக்குது, அதான் வெளிய எடுக்கறதில்லை என்று சிரித்தார். டாக்டருக்கு அது காதில் விழவில்லை, என்ன சொல்றார் என்று என்னைக் கேட்டார்.

இப்போது உன் விஷயம். போன வாரம் டீம் லீடர் திடீரென்று, அக்கா உங்க பொண்ணோட குழந்தை நல்லா இருக்கா என்று கேட்டாள். உன்னைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விட்டதில்லை. அப்புறம்தான் சொன்னாள், நீ எங்கள் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு என் பெயரைக் கொடுத்திருக்கிறாய் என்று. உனக்குப் பிரசவ விடுப்பு முடிகிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, உன் ஆபீஸில் நேரத்தை மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். நீ போனில் வேலை எப்படி இருக்கு சித்தி என்று கேட்டபோது அந்த ஆப் உள்ள போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வேறு என்ன சொல்ல முடியும், நன்றாக இருக்கிறது என்றேன். நீ அதை நம்பிவிட்டாய்.

எங்களுக்கு வாராவாரம் எல்லாரும் சேர்ந்த கூட்டம் திரையில் நடக்கும். அதில் ஒரு பெண்ணைப் புகழ்ந்தார்கள். கைக்குழந்தைக்காரி, இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தை, ஆனால் இதுவரை ஒரு வெளிக்குரல்கூட விழவில்லையாம். குழந்தை இருக்கற சத்தமே வராது, அப்படிப் பழக்கி வெச்சிருக்காங்க, எல்லாரும் இவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க என்றாள் டீம் லீடர். எல்லாரும் கைதட்டுகிற படம் போட்டார்கள். நானும் போட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, கட்டத்துக்குள் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு இருந்தாள். எப்படிப் பழக்கினாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்பா பெரியவர், யோசித்துத் தானாகவே வாயை மூடிக்கொண்டார். சின்னவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள், என்னவென்று சொல்லிக் கொடுப்பார்கள்?

அப்பாவுக்குப் பரிசோதனை முடிந்ததென்று என்னை உள்ளே கூப்பிடுகிறார்கள், முடிக்க வேண்டும். சின்னவனைப் பார்க்கிற அவசரத்தில் நீ சாப்பிடாமல் இருக்காதே, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். போனில் பேசும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி வாய் திறக்காதே, இங்கே நல்ல வெயில் என்று மட்டும் சொல், வந்து சேர்ந்தது என்று புரிந்துகொள்வேன். உன் அம்மா இருந்தால் எப்படி வாழ்த்துவாளோ அப்படியே நீயும் உன் குடும்பமும் நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

அன்புடன்,
உன் சித்தி

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்கத் தைரியம் வருகிறது. அந்த வேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்றால் நீ வேறு எங்கே போவாய் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நானே இதை விட்டுவிட்டு வெளியே வரத் தெரியாமல்தான் இருக்கிறேன். ஆனால் அவர்கள் அனுப்புகிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை இங்கே வா. கைக்குழந்தையோடு அவ்வளவு தூரமா என்று நினைக்காதே. லீவு நாளில் வராதே, நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற வேலை நாளில் வா. கூடத்தில் அப்பா பக்கத்தில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார். அவன் அழுவான், அழட்டும், எனக்குச் சிவப்பு விழுந்தால் விழட்டும். அவன் அழும்போது அப்பாவின் கை யார் வாயைத் தேடிப் போகிறது என்று மட்டும் பார்.