அச்சில் வராத பாதி

அண்ணே,

இன்றைக்குக் காலையில் கரியைப் பற்றவைத்துவிட்டு, தேய்த்த துணிகளைச் சுற்றிக் கட்டப் பழைய பேப்பர் கட்டைப் பிரித்தேன். நடுவில் அந்தப் பக்கம் இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்தப் பக்கத்தைத் தெரியும். மேலே மூக்குக்கண்ணாடி போட்ட உங்கள் சின்னப் படம். கீழே பட்டுச்சேலையில் ஒரு பெண் சிரிக்கிற துணிக்கடை விளம்பரம். அதில் யாருடைய சட்டையையும் சுற்ற மனசு வரவில்லை.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் இதை எழுதுகிறாள். "நான் பேசுற மாதிரியே எழுதிராதம்மா, அவரு வாசிச்சா முகம் சுளிக்கக் கூடாது" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீங்கள் கோச்சடை பஸ் நிறுத்தத்துக்கு வர ஆரம்பித்தீர்கள். ஒரு கையில் கசங்கிய வெள்ளைச் சட்டை, இன்னொரு கையில் அன்றைய பேப்பர்கள். சட்டை ஒரு சாக்கு. புங்கமரத்தடியில் என் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நடுப்பக்கக் கட்டுரைகளை எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். வாசித்து முடித்ததும் ஒரே கேள்விதான்.

"மாப்ள, இந்த ஆளு யாரை நம்பவைக்கப் பாக்குறாரு?"

"ஏற்கெனவே நம்புறவனைத்தேன்."

"அப்பறம் எதுக்கு இம்புட்டு மசி?"

சிரித்துக்கொண்டே அடுத்த பேப்பரை எடுப்பீர்கள். நீங்களே எழுதிக் கொண்டுவந்தாலும் இதே கதைதான். நான் தேய்த்துக்கொண்டே கேட்பேன். என் இஸ்திரிப் பெட்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் அந்த இடத்தை அடித்துவிடுவீர்கள். பெட்டி நின்றால் பக்கத்தில் ஒரு கோடு போடுவீர்கள். ஒரு தடவை நீங்கள் வாசித்த ஒரு வரியில் நான் மெய்ம்மறந்து நின்றுவிட, உங்கள் சட்டைக் காலரிலேயே காவி நிறத்தில் தழும்பு விழுந்துவிட்டது. புதுச் சட்டை வாங்கித் தந்துவிடுகிறேன் என்றேன். நீங்களோ அதையே போட்டுக்கொண்டு ஆரப்பாளையம் வரை போய், பார்த்தவர்களிடமெல்லாம், "என் எழுத்துக்குக் கெடச்ச பரிசுய்யா" என்று காட்டிவிட்டு வந்தீர்கள்.

எழுதுவதில் உங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிராளி என்ன சொல்கிறானோ அதை அவனே சொன்னதைவிட நன்றாக முதலில் சொல்லிவிடுவீர்கள். பாதிக் கட்டுரை அதற்கே போய்விடும். உங்கள் பேச்சு அதற்கப்புறம்தான் தொடங்கும். "ஏண்ணே, அவன் வக்காலத்தை நீங்க எதுக்குப் பேசணும்?" என்று கேட்டேன். "அடுத்தவன் வீட்டுக்குப் போனா வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும் மாப்ள. அப்பத்தான் உக்காரச் சொல்லுவான்" என்றீர்கள்.

சாயங்காலச் சந்தையைப் பைபாஸுக்கு அந்தப் பக்கம் மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோதும் அப்படித்தான் எழுதி, முழுசையும் முதலில் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நம் நிறுத்தத்தின் ஓரத்தில் சாக்கை விரித்துக் கீரையும் காயும் விற்கிற பெண்களுக்கு அது வயிற்றுப்பாடு. "ஐயா, எங்களுக்காக நாலு வார்த்தை எழுதுங்க" என்று உங்களிடம் கேட்டவள் மேலக்கால் பக்கத்திலிருந்து கூடையோடு பஸ்ஸில் வருகிற பேச்சியம்மா. தினமும் அவளிடம்தான் நீங்கள் கீரை வாங்குவீர்கள். "வாடுன கட்டா பாத்துப் பொறுக்குறீக, வீட்டுல மாடு வளக்குறீகளா?" என்று அவள் உங்களைச் சீண்டாத நாளில்லை.

அச்சில் வந்த எழுத்தை முதலில் நீங்கள் வாசிக்கவே மாட்டீர்கள். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்கும் பிரிக்காத பேப்பரோடு வந்து, ஆட்டோக்கார முத்துவிடம் கொடுத்தீர்கள். சந்தைப் பெண்கள் எல்லோரும் என் வண்டியைச் சுற்றி நின்றார்கள். முத்து நிறுத்தி நிதானமாக வாசித்தான். சாலை நெருக்கடி. ஆஸ்பத்திரி வண்டி நகர முடியாமல் நிற்பது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடுரோட்டில் நடப்பது. புது இடத்தில் கூரை உண்டு, குழாய் உண்டு, கழிப்பறை உண்டு. 'இத்தனை வசதி இருக்கும்போது, சந்தை அங்கே போவதுதானே நியாயம்?'

முத்து நிறுத்தினான்.

"மேல வாசிப்பா" என்றீர்கள்.

"அம்புட்டுத்தாண்ணே."

"கீழ பாரு."

"கீழ துணிக்கடை விளம்பரம்ணே."

உங்கள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. பேச்சியம்மா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நல்லா எழுதிருக்கீக ஐயா. இனிமே கீரையையும் அங்கயே போயி வாங்கிக்கங்க."

"இன்னும் பாதி இருக்கும்மா, நான் எழுதிக் குடுத்தேன்" என்றீர்கள். யாரும் நிற்கவில்லை. அங்கேயே நின்று பேப்பர் ஆபீசுக்குப் போன் போட்டீர்கள். எதிர்ப்பக்கக் குரல் எனக்கே கேட்டது. "கடைசி நேரத்துல ஒரு விளம்பரம் வந்துருச்சு சார். இடம் பத்தலைன்னா கீழ இருந்துதான் வெட்டுவோம்." நீங்கள் செருப்பைக் கழற்றியது வரைக்கும் அச்சில் வந்தது அண்ணே. உள்ளே போனது வரவில்லை.

பிறகு ஒரு நாள் ஏதோ மூலையில் ரெண்டு வரி விளக்கம் போட்டார்களாம். அதை யார் பார்த்தார்கள்? சந்தை போகட்டும் என்று நினைத்தவர்கள் அந்தப் பாதியை நகல் எடுத்துக் கடை கடையாகக் கொடுத்தார்கள். மீதிப் பாதியைப் பேச்சியம்மாவிடம் சொல்ல நான் வாயெடுத்தேன். "நீ என்ன சொன்னாலும் பேப்பர்ல இல்லையேண்ணே" என்று போய்விட்டாள். சந்தையும் போனது.

அதற்கப்புறம் நீங்கள் எழுதவில்லை. சட்டையோடு வருவீர்கள், பேப்பர் இருக்காது. ஸ்டூலில் உட்கார்ந்து, சாக்கு விரித்திருந்த வெறும் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள், "மாப்ள, அந்த மீதி ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்றீர்கள். "இருக்குண்ணே, சொல்லவா?" என்றேன். "வேணாம். இருந்தா போதும்." ஐப்பசி மழையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள்.

இன்று காலை அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனே, அப்போது பேச்சியம்மா வந்தாள். புதுச் சந்தையில் போணியாவதில்லை என்று இப்போதெல்லாம் தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்கிறாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"மீதி இருக்குன்னு சொன்னியேண்ணே. என்னதேன் எழுதியிருந்தாரு?"

சொன்னேன். நீங்கள் வாசித்த வேகத்திலேயே சொன்னேன். 'சாலை நெருக்கடி உண்மைதான். ஆனால் மதியம் பறித்த கீரை இருட்டுவதற்குள் விற்றாக வேண்டும். அது வருகிற பஸ் புது இடத்துக்குப் போவதில்லை. வேலை முடிந்து நடந்து வீடு திரும்புகிறவர்கள் ஒரு கட்டுக் கீரைக்காகப் பைபாஸைத் தாண்டமாட்டார்கள். நிறுத்தத்துக்குப் பின்னால் காலி இடம் கிடக்கிறது. சாலையை விட்டு உள்ளே தள்ளி, கூரையையும் குழாயையும் அங்கே போடுங்கள். கூரையைச் சந்தைக்குக் கொண்டுவாருங்கள். சந்தையைக் கூரைக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.'

பேச்சியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உடனே அவளுக்கே உரிய குரல் வந்துவிட்டது.

"அடப் பாவி மனுசா, இதை மொதல்லயே எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

நீங்கள் இருந்தால் செருப்புக் கதையைச் சொல்லியிருப்பீர்கள். அவளும் அதற்கு ஏதாவது திருப்பிக் கொடுத்திருப்பாள். நான் அவளுக்குக் கூடையைத் தூக்கிவிட்டேன்.

"அவரு வீடு எந்தத் தெருண்ணே? வீட்டம்மா கீரை வாங்குவாகளா?"

கையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கமாகக் கூவிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்தால், பெட்டிக்குள் கரி சாம்பலாகிக் கிடந்தது. மறுபடி பற்றவைக்காமல், வண்டியை மூடிவிட்டு மருமகளைத் தேடி வீட்டுக்கு வந்தேன்.

இருந்தால் போதும் என்றீர்கள். இருக்கிறது அண்ணே, ஒரு வரி குறையாமல். இன்றைக்கு அதை ஒருத்தி நின்று கேட்டுவிட்டும் போனாள்.