பாறை நகர்ந்த தூரம்

கோகிலா,

தண்ணீர்க் கஷ்டம் என்று சொல்லி நீ கல்யாணில் உன் அக்கா வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகிறது. இங்கே செம்பூரில் தண்ணீர் இப்போது ஒழுங்காக வருகிறது.

அன்று போனில், "அந்தப் பாற அப்படியேதான இருக்கு?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். பொய் சொன்னேன்.

பூகம்பத்தன்று வடக்கே மலையில் அந்தப் பாறைமேல், தரை நகர்வதை அளக்கும் ஜிபிஎஸ் கருவியைப் பொருத்திவிட்டு, கீழே கூடாரத்தில்தான் நம் பையன் இருந்தான். மலை சரிந்ததில் உடல்கூடக் கிடைக்கவில்லை. கருவி மட்டும் தப்பியது. அது அனுப்பும் அளவுகளை ஆபீஸில் நான்தான் பார்க்கிறேன். பாறை அன்றே ஒன்றரை மீட்டர் தெற்கே போய்விட்டது. குலுக்கல் நின்ற பிறகும் தரை நிற்கவில்லை. மாதத்துக்குச் சில மில்லிமீட்டர் போய்க்கொண்டேயிருக்கிறது.

அவன் படத்துக்குக் கீழே, சமாதிக்குப் பதிலாக, நீ எழுதி ஒட்டியிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் நான் கொடுத்தவை. அந்த இடத்தில் இப்போது பாறை இல்லை.

அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டது யார் என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

புதிய எண் கேட்காதே. நான் எழுதிப் போட்டு, தபால் கல்யாண் வந்து சேர்வதற்குள் பாறை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.

உன் பிள்ளையின் அப்பா