நடுவழியில் நின்ற லிஃப்ட்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி கும்பிட்டு எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? நான் கல்லு மாதிரி இருக்கிறேன். பிள்ளைகளிடம் மாமா கேட்டதாகச் சொல்.

மில்லை மூடிவிட்டதால் மச்சான் வேலை தேடி என்னிடம் வரப்போகிறார் என்று எழுதியிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் அக்கா. என் ரூம் அரண்மனைதான். ஆனால் என்மேல் உள்ள பாசத்தில் ஆறு பேர் பிரிய மனசில்லாமல் அதிலேயே படுக்கிறார்கள்.

போன வாரம் ஒரு கூத்து. இந்தக் கட்டடத்தில் நாற்பது மாடியும் என் லிஃப்ட்டை நம்பித்தான் நிற்கிறது, உனக்குத்தான் தெரியுமே. முதலாளியோடு மேலே போகும்போது அது நடுவழியில் நின்றுவிட்டது. லைட்டும் போச்சு. அவர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறைதான். நம்ம ஊர் மில்லை மூடின கதையைச் சொல்லி நான் பேச்சுக் கொடுத்தேன்.

"உங்க ஊருக்கும் வளர்ச்சி வந்துக்கிட்டுதாம்ப்பா இருக்கு" என்றார்.

"வர்ற வழியில இப்படி எங்கேயாவது மாட்டிக்கிச்சோ என்னவோ சார்" என்றேன். மனுஷன் சிரித்துவிட்டார்!

மெக்கானிக் வந்து கதவு இடுக்கு வழியாக அவரை வெளியே தூக்கிவிட்டான். பட்டனை அமுக்கிப் பார்க்க உள்ளே ஒரு ஆள் வேண்டுமாம், என்னை இருக்கச் சொல்லிவிட்டார்கள். நம்பிக்கையான ஆளைத்தானே விடுவார்கள்! சாயங்காலம் வரைக்கும் இருட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். பயமெல்லாம் ஒன்றுமில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு டார்ச் லைட் கொடுத்துவிடு. என் பழைய போர்வையும்.

அப்புறம், மில்லைத் திறந்தால் மச்சான் பேரோடு என் பேரையும் சொல்லிவை. நான் வந்துவிடுவேன் என்றில்லை, சும்மா ஒரு பேச்சுக்குத்தான். லிஃப்ட் மணி அடிக்கிறது, போகணும்.

உன் தம்பி