மடித்து வெட்டாத துணி

ஹல்
9 பிப்ரவரி 1953

அன்புள்ள வால்டர்,

எட்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறவேண்டாம். நல்ல செய்திதான். நம் மகள் மியூரியலுக்கு ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். பையன் பெயர் லெனர்ட், ரயில்வேயில் குமாஸ்தா. அவள் முதுகு வளைவைப் பற்றியெல்லாம் தெரிந்துதான் கேட்டான்.

காரியத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தோலும் இரும்புமான கவசத்தின் மேல் கல்யாண கவுனைப் போட முடியாது. கவசத்தைக் கழற்றினால் அவளால் அதிக நேரம் நிற்க முடியாது. உட்கார்ந்துகொண்டு கல்யாண வாக்குச் சொல்லமாட்டேன், நின்றுதான் சொல்லுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதனால் முதுகைத் தாங்க, கயிறு கட்டி இறுக்குகிற உள்கச்சையான கார்செட் ஒன்றைத் தானே தைத்துக்கொள்ளப் போகிறாள். மெஷின் இருக்கிறது, கையில் தையலும் இருக்கிறது. சாமான்தான் கிடைக்கவில்லை. துணி வெட்டக் கடையில் விற்கும் பேட்டர்ன் காகிதமெல்லாம் நேரான முதுகுக்காரிகளுக்கு. விறைப்புக்காக உள்ளே செருகுகிற எஃகுப் பட்டிகளுக்காக, தேவாலயத்துப் பழைய துணி விற்பனையில் கார்செட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து பிரித்துப் பார்த்தோம். உள்ளே எல்லாம் துரு.

போர்ட்ஸ்மத்தில் பாதி ஊர் கார்செட் தைத்துத்தான் பிழைக்கிறது. நீங்களும் பட்டறையில் இன்னும் துணி வெட்டுகிறீர்கள் என்று உங்கள் தங்கை சொன்னாள். பேட்டர்ன், துணி, பட்டி எல்லாம் அனுப்ப முடியுமா? இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் அளவுகளைத் தனித்தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நோரா


போர்ட்ஸ்மத்
16 பிப்ரவரி

என் அன்பு நோரா,

பதறாதே என்கிறாய். உறையைப் பிரிக்கத் துணிவதற்குள் டீ ஆறி அவலாகிப் போயிற்று. மியூரியலுக்குக் கல்யாணம்! என் மனசில் அவள் இன்னும் முன்பல் விழுந்த பிள்ளையாகத்தான் இருக்கிறாள்.

பார்சலைப் பார். நெருக்கி நெய்த கெட்டிப் பருத்தித் துணி வைத்திருக்கிறேன், இழுத்தாலும் நெகிழாது. முன்பக்கம் மாட்டுகிற கொக்கி வைத்த எஃகுச் சட்டம் ஒரு ஜோடி, பட்டிகள், கயிறு, நாடா. பட்டியை அளவுக்கு நறுக்கியதும் நுனியை அரத்தால் ராவி நாடா சுற்றச் சொல். சோம்பல்பட்டு விட்டால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். முதுகில் கயிற்றை இறுக்கிய பிறகும் இரண்டு விரல் இடைவெளி இருக்கவேண்டும்.

நாங்கள் பட்டறையில் வெட்டுகிற மாதிரி பாதி உடம்புக்குத்தான் பேட்டர்ன் வைத்திருக்கிறேன். துணியை இரண்டாக மடித்து, மேலே காகிதத்தை வைத்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரேயடியாகக் கிடைத்துவிடும்.

தேவாலயத்துக்குள் மணப்பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவர அப்பா என்று ஒருவன் வேண்டுமே. சமயம் பார்த்து அவளிடம் கேட்டுச் சொல்வாயா?

உன் வால்டர்


ஹல்
5 மார்ச்

வால்டர்,

இரண்டு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து தைத்தாள். கயிற்றை நான்தான் கட்டிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவள் முகம் வெளுத்துவிட்டது. வலது விலாவில் பட்டி அழுந்தித் தோல் உரிந்து போயிருக்கிறது. இடது பக்கமோ ஒரு கை நுழைகிற அளவுக்குத் தொளதொளவென்று தொங்குகிறது.

பிறகுதான் உங்கள் காகிதத்தை விரித்து அளந்து பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக அளவு அனுப்பினேனே, என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிவிட்டீர்கள்! பட்டறையில் அது வழக்கமாக இருக்கலாம். அந்தப் பாதி அளவில் இந்த வீட்டில் யாரும் இல்லை.

யார் வெட்டியது என்று நான் சொல்லவே இல்லை. காகிதத்தில் இருந்த பென்சில் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அழவில்லை. "அப்பா இன்னும் என்னை நிமித்தத்தாம்மா பாக்குறாரு" என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் நிமிர்ந்து உட்காரட்டும் என்று சாப்பாட்டு மேசையில் முதுகுக்கும் முழங்கைக்கும் நடுவே துடைப்பக் கழியைச் செருகி உட்காரவைத்தீர்களே, அதை அவள் மறக்கவில்லை. அந்தக் கழியை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் நான் பிள்ளையோடு வெளியேறினேன். உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இருந்தாலும் இந்த வேலை தெரிந்த வேறு ஆள் எனக்கு இல்லை. கல்யாணத்துக்கு ஆறே வாரம்தான் இருக்கிறது. வெட்டித் தர முடியுமா, முடியாதா?

நோரா


போர்ட்ஸ்மத்
12 மார்ச்

நோரா,

வெட்டியிருக்கிறேன். இந்த முறை காகிதம் மட்டும் போதாது என்று துணியையே வெட்டி அனுப்புகிறேன். பன்னிரண்டு துண்டு. ஒன்றுக்கொன்று ஜோடி கிடையாது. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்று ஓரத்தில் எண் போட்டிருக்கிறேன். எதையும் மடிக்கவேண்டாம். வலது விலாவுக்குக் கீழே கெட்டிப் பட்டி ஆகாது. எந்தப் பக்கமும் வளைந்து கொடுக்கிற சுருள் கம்பிப் பட்டி வைத்திருக்கிறேன், அதைச் செருகச் சொல்.

பட்டறை மேசையில் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தபோது ஸ்டான்லி வந்து எட்டிப் பார்த்தான். பக்கத்து மேசைக்காரன், வாய் சும்மா இருக்காது.

"என்னய்யா வால்டர், கண்ணு மங்கிடுச்சா? ரெண்டு பொம்பளைங்க துண்டையும் கலந்து வச்சிருக்கே!"

"ஒரே ஆள்தான்யா. என் மக."

"உனக்கு மக இருக்காளா?" என்று கேட்டான். இத்தனை வருஷம் பக்கத்து மேசையில் நிற்கிறவன்.

அதற்குமேல் என்னால் வேலை செய்ய முடியவில்லை. மீதியை வீட்டுக்கு எடுத்து வந்து வெட்டினேன். நீ அனுப்பிய அளவுகளை வரிசையாகக் கோடு போட்டபோதுதான் அவள் முதுகு எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. தோளில் ஒரு பக்கம் சாய்ந்து, இடுப்புக்கு வருவதற்குள் மறுபக்கம் திரும்பிவிடுகிறது. எப்படித்தான் தாங்கினாளோ பிள்ளை.

அவளை அழைத்துவர எனக்கு ஆசை. அதைக் கேட்டாயா என்று நீ எழுதவே இல்லை.

வால்டர்


ஹல்
8 ஏப்ரல்

அன்புள்ள வால்டர்,

சரியாக இருக்கிறது. இதை முதலில் எழுதாவிட்டால் நீங்கள் அடுத்த வரியைப் படிக்கமாட்டீர்கள்.

நேற்றுக் காலையில் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றாள். காய் நறுக்கினாள், பாத்திரம் கழுவினாள், லெனர்ட் வந்ததும் கதவைத் திறந்தாள். ஒரு மணி நேரம் உட்காரவே இல்லை. எங்கேயும் அழுந்தவில்லை. நான் அறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன்.

நீங்கள் கேட்டதை அதன் பிறகுதான் கேட்டேன். கார்செட்டின் மேல் கைவைத்துத் தையலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நல்லா வெட்டியிருக்காரு. நன்றின்னு நான் சொன்னதா எழுதும்மா. ஆனா என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது நீதான். இந்த முதுகத் தேய்ச்சுவிட்டது நீதானே."

நான் மறுத்துப் பேசவில்லை. பாதிரியாரிடமும் சொல்லியாயிற்று. உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். அதற்காக அவளிடம் இன்னொரு முறை கேட்கமாட்டேன்.

கல்யாணம் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, பதினோரு மணிக்கு. வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வந்தால் பெண்வீட்டார் பக்கம் உட்காருங்கள். மணப்பெண் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவள் வளைந்தபடியேதான் வருவாள். நீங்களும் எழுந்து நில்லுங்கள், போதும்.

நோரா