மூக்கில் பத்து கிராம்

மார்ச் 2

வீட்டை விட்டுப் போன என் கணவருக்கு,

நலம் விசாரிக்க மாட்டேன். உங்கள் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டில் நன்றாகத்தான் இருப்பீர்கள். இங்கே சாப்பாட்டு மேசையில் நீங்கள் செய்துகொண்டிருந்த பிளாஸ்டிக் உளவு விமான மாதிரி இரண்டு பாதியாகக் கிடக்கிறது. இரண்டு வருஷமாக நான் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன். அதன் இறக்கைமேல் ஒரு டம்ளர் வைத்ததற்கு, என் தங்கை முன்னால் "உனக்கு மூளை இருக்கா?" என்று கத்திவிட்டுப் போனீர்கள். வந்து எடுத்துப் போங்கள்.

மேசைக்காரி

மார்ச் 6

மேசைக்காரிக்கு,

அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். 25-ஆம் தேதி மாதிரி விமானக் கண்காட்சி. 20-ஆம் தேதி அதை எடுத்துப் போக வேன்காரர் வருவார். அதற்குள் இரண்டு பாதியையும் நீயே ஒட்டிவிடு. அதற்கு முன் மூக்குக்குள் பத்து கிராம் எடை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். ஒட்டிய பிறகு வைக்க வழியில்லை. கேமரா ஜன்னல்களில் பசை படக் கூடாது. அந்த ரக விமானம் எடுத்த படச்சுருள்களைப் பதினோரு வருஷம் கழுவியவன் நான். ஒரு ஜன்னல் மங்கினாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

விமானத்தின் சொந்தக்காரன்

மார்ச் 10

விமானத்தின் சொந்தக்காரருக்கு,

ஜன்னல் மங்கினால் கண்டுபிடிப்பீர்களாம்! நான் முடியைக் கழுத்துவரை வெட்டிக்கொண்டு வந்தபோது, ஒன்பது நாள் கழித்து "ஏன் ஒரு மாதிரி இருக்கே, காய்ச்சலா?" என்று கேட்டவர் நீங்கள்.

எடைக்கு வைக்கும் ஈயம் உங்கள் டப்பாவில் தீர்ந்துவிட்டது. பசையும் போட்டு இரண்டு பாதியையும் பிடிக்க எனக்குக் கை போதவில்லை. இருபது நிமிட வேலை. நேரில் வாருங்கள். நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் ஒட்டுங்கள். டீ போட்டுத் தருகிறேன். இதற்குமேல் இறங்கி வர எனக்குத் தெரியாது.

உங்கள் மனைவி

மார்ச் 14

டீக்கு மயங்குகிற ஆள் நான் இல்லை. ரப்பர் பேண்ட் போட்டால் ஒரு ஆளே போதும். ஈயம் இல்லையென்றால் வீட்டில் வேண்டாததாகக் கிடக்கும் எதையாவது போடு. எதுவென்று எனக்குக் கவலையில்லை. பத்து கிராம் இருந்தால் சரி.

மார்ச் 19

ஐயா,

கையெழுத்துகூட இல்லாத உங்கள் கடிதம் கிடைத்தது. விமானத்தை ஒட்டிவிட்டேன். ஐந்து ஜன்னலும் சுத்தமாக இருக்கின்றன.

பசை படும் என்று நீங்கள் கழற்றிய கல்யாண மோதிரம், இரண்டு வருஷமாகப் பெயிண்ட் டப்பா மூடியில்தான் கிடந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன். ஆறு கிராம். என்னுடையதையும் கழற்றி வைத்தேன். நாலு. உங்கள் குறட்டாலேயே இரண்டையும் நசுக்கி மூக்குக்குள் திணித்தேன். சக்கரங்களைச் செருகி நிறுத்தினால் மூன்று காலிலும் நேராக நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

மோதிரம் வேண்டுமென்றால் மூக்கை உடைக்க வேண்டும். நீங்கள் உடைக்க மாட்டீர்கள். அது எனக்குத் தெரியும்.

பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். நாளை வேன்காரரிடம் கொடுப்பேன். இன்று மேசையில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன்.