ஆஃப் பண்ணக் கூடாத ஜீப்

சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் டீசல் நாற்றம். சோப்பு போட்டாயிற்று, சீயக்காய் போட்டாயிற்று, எலுமிச்சம்பழத் தோலும் தேய்த்தாயிற்று. போகவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. சண்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. குற்றாலத்துக்கு மேலே நம் தோப்பில் மங்குஸ்தான் பழுத்துவிட்டது. ஓடையைத் தாண்டி அந்தக் கல்லுப் பாதையில் வேறெந்த வண்டியும் ஏறாது. மகன் சென்னையிலிருந்து போன் போட்டான். "அம்மா, இந்த சீசன் பழத்த உங்களால இறக்க முடியலன்னா தோப்பக் குத்தகைக்கு விட்டுருவோம். ஒத்தையில எதுக்குக் கெடந்து அல்லாடுதீங்க?" என்றான். அக்கறையில்தான் சொல்கிறான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாம் இருவரும் கன்று வைத்த தோப்பில் எவனோ ஒருவன் நின்று அதிகாரம் பண்ணுவதை நான் பார்க்க வேண்டுமா? "இறக்கிக் காட்டுதேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வண்டி அசைய வேண்டுமே! தென்காசியில் ஒரு மெக்கானிக் பேட்டரி என்றார். மாற்றினேன். இன்னொருவர் டீசல் பம்பைக் கழற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினார். அது வருவதற்குள் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்து நடந்து எனக்குக் கால் வலி கண்டுவிட்டது. எழவு, மாட்டிய பிறகும் சாவியைத் திருப்பினால் கிர் கிர் என்று இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு உங்கள் படத்தைப் பார்த்து நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

நீங்கள் இருந்தபோது மட்டும் அது ஒழுங்காகவா இருந்தது? காலையில் பானெட்டைத் திறந்து, ஒரு நட்டைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்துக்கொண்டிருப்பீர்கள். "ஏர் புடிச்சிருக்குட்டி, வேற ஒண்ணுமில்ல" என்பீர்கள். ஒருவழியாக ஸ்டார்ட் ஆனதும் அடுத்த உத்தரவு வரும்: "ஏட்டி, ஆஃப் பண்ணிராத!" வீடு திரும்பும்வரை அந்த எஞ்சினுக்கு ஓய்வு கிடையாது. வடகரைக் கல்யாணத்தில் நான் மட்டும் உள்ளே போய்ச் சாப்பிட்டு வந்தேன், நீங்கள் வெளியே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் காவல். குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்கு நடுவே அது உறுமிக்கொண்டு நிற்க, குளித்துவிட்டு வந்தவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டே நம்மை ஏசினார்கள். தோப்பிலும் அப்படித்தான். அது ஒரு பக்கம் தடதடக்கும், நீங்கள் மரத்தின் மேலிருந்து கத்துவீர்கள், நான் கீழே இருந்து கத்துவேன். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் என்ன என்று கேட்டால், "அவனுவ பிரிச்சிப் போட்டுருவானுவட்டி. என் வண்டிய எனக்குத் தெரியும்" என்பீர்கள்.

என்ன தெரியும் உங்களுக்கு? நேற்று குத்துக்கல்வலசையிலிருந்து ஜேக்கப் என்ற மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். டேங்கிலிருந்து வரும் டீசல் குழாயைத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். கறுப்பாக, உருண்டையாக ஒன்று. சைக்கிள் டியூப், அதன்மேல் சோப்பு, அதன்மேல் கம்பி, அதன்மேல் மறுபடியும் டியூப்.

"இத யாருக்கா கட்டுனது?"

"எங்க வீட்டுக்காரர்."

"அண்ணாச்சி நல்லாத்தான் கட்டியிருக்காங்க. ஆனா உள்ள குழாய் விரிஞ்சிருக்கே. ஓடுத வரைக்கும் தெரியாது. அமத்துனா டீசல் டேங்குக்குத் திரும்பிரும், காத்து ஏறிரும். இப்ப டியூபும் காஞ்சிட்டு. பொறவு எப்படி ஸ்டார்ட் ஆவும்? எடுத்துரவாக்கா?"

"எடுங்க" என்றேன். அவர் அறுத்துப் போட்டதில் நீங்கள் முறுக்கிய கம்பி அப்படியே இருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். புதுக் குழாய் மாட்டியதும் கைப்பம்பை நான்தான் அடித்தேன். சாவியைத் திருப்பினேன். ஒரே தடவை! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சாண் குழாய். இதற்காகவா காலம் முழுக்க என்னைக் கத்த வைத்தீர்கள்?

இன்று காலை நானே மேலே ஓட்டிப்போனேன். பழம் பறிக்க வந்த மாடசாமிக்குக் கீழே இருந்தபடியே கொப்பைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஆச்சி, வண்டிய அமத்துங்க! நீங்க சொல்லுதது ஒண்ணுங் கேக்கல" என்றான். என் கை சாவிக்குப் போக மாட்டேன் என்றது. திரும்ப ஸ்டார்ட் ஆகாவிட்டால் பழமும் போச்சு, தோப்பும் போச்சு. வருவது வரட்டும் என்று அமர்த்தினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆனது. பழம் இறங்கிவிட்டது. மகனிடமும் சொல்லியாயிற்று, குத்தகைப் பேச்சு இனி இல்லை. ஆனால் எஞ்சின் நின்ற அந்த நிமிஷம் எனக்கு ஒன்று கேட்டது. ஓடை. கல்லில் விழுந்து விழுந்து அது பாட்டுக்கு ஓடுகிறது. எத்தனை வருஷம் அதைத் தாண்டிப் போய் வந்திருக்கிறோம், ஒரு நாள் அதன் சத்தத்தைக் கேட்டதுண்டா? நீங்கள் கேட்காமலே போய்விட்டீர்கள்.

"ஏங்க, ஓடைச் சத்தம் கேக்குதா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். மாடசாமி பதறிப்போய் மரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். அந்த அமைதியிலும் கத்தித்தான் கேட்டிருக்கிறேன். உங்களோடு மெதுவாகப் பேச எனக்கு இன்னும் வரவில்லை.